சோலார் 105 ஜிகாவாட், காற்றாலை 50 ஜிகாவாட்: திறன் ஏறுது, யூனிட் ஏறுதா?

#1 மேல்மலை

2025 மார்ச் 31 கணக்குப்படி நாட்டோட சோலார் நிறுவுதிறன் 105.65 ஜிகாவாட். அதுக்கு முந்தின மார்ச்சில் 81.8. காற்றாலை 45.9-லிருந்து 50.04-க்கு வந்திருக்கு. பேப்பர்ல தலைப்பா வர்றது இந்த எண்கள்தான்.

உற்பத்திப் பட்டியலைத் திறந்தா கதை வேற. சோலார் 2023-24-ல் சுமார் 11,597 கோடி யூனிட், 2024-25-ல் 14,415 கோடி. குறை சொல்ல ஒண்ணுமில்லை. காற்றாலையைப் பாருங்க: 8,339 கோடி, அடுத்த வருஷம் 8,335 கோடி. நாலு ஜிகாவாட்டுக்கு மேல புதுசா நட்டும் யூனிட் நின்ன இடத்துலயே நிக்குது.

கொடைக்கானல் மலையோட வடக்கு விளிம்பிலிருந்து வானம் தெளிஞ்ச நாள்ல பார்த்தா பழநி, உடுமலை, தாராபுரம் பக்கம் காத்தாடிங்க தெரியும். அத்தனையும் சுத்துறப்போ யூனிட் ஏன் ஏறலை? காத்து குறைஞ்சதா, மெஷின் கிழடானதா, இல்ல மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுபோற கிரிட்டே வேண்டாம்னு நிறுத்தி வைக்குதா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கோத்தகிரி கணக்குப்பிள்ளை

முதலில் வகுத்தலைச் சரியாகச் செய்வோம். பலர் வருட உற்பத்தியை மார்ச் 31 திறனால் வகுக்கிறார்கள். அப்படிச் செய்தால் சோலாரின் பயன்பாட்டு விகிதம் (வருடம் முழுக்க முழுத் திறனில் ஓடினால் வரக்கூடியதில் எத்தனை பங்கு வந்தது என்பது) 15.6 சதவீதம் என்று வரும். அது தப்பு. மார்ச் மாதம் இணைத்த பேனல் அந்த நிதியாண்டுக்கு என்ன கொடுத்திருக்கும்?

ஆண்டு தொடக்கத் திறனையும் முடிவுத் திறனையும் கூட்டிப் பாதியாக்குங்கள். சோலாருக்குச் சராசரி 93.7 ஜிகாவாட். 8,760 மணி நேரத்தால் பெருக்கி வகுத்தால் 17.6 சதவீதம். காற்றாலைக்குச் சராசரி 48 ஜிகாவாட், விகிதம் 19.8. அதற்கு முந்தைய ஆண்டு (லீப் வருடம், 8,784 மணி) இதே முறையில் சோலார் 17.8, காற்றாலை 21.4.

ஆக சோலார் அசையவில்லை, காற்றாலை ஒன்றரைப் புள்ளி இறங்கியிருக்கிறது. ஒரு கிலோவாட் காற்றாலை 1,880 யூனிட் கொடுத்த இடத்தில் 1,737 கொடுத்திருக்கிறது.

இந்தச் சராசரியிலும் காற்றாலைக்கு ஓர் ஓட்டை உண்டு. சோலார் பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். தென்மேற்குப் பருவத்தை நம்பிய காற்றாலை அப்படியில்லை. வைகாசியில் பிடித்துப் புரட்டாசியில் விடும். ஐப்பசிக்கு மேல் ஓடத் தொடங்கிய காத்தாடி சீசனையே பார்த்திருக்காது, ஆனால் மார்ச் பட்டியலில் முழுத் திறனோடு உட்கார்ந்திருக்கும். நம் ஊர்த் திட்டங்கள் நிதியாண்டு முடிவில்தான் குவியும் என்பது தெரிந்ததே. ஆனால் அதைக் கழித்தாலும் முழு விடை கிடைக்காது. மிச்சத்தைக் காத்தாடிக்காரர்தான் சொல்ல வேண்டும்.

#3 ஆனிக்கடவு

சொல்றனுங்க. காத்துங்கறது கனக் கணக்கு. வேகம் பத்து சதவீதம் கொறஞ்சா பவர் பத்து கொறையாது. 0.9-ஐ மூணு தடவ பெருக்குங்க, 0.729. இருபத்தேழு சதவீதம் போச்சு. ரேட்டட் வேகத்துக்கு, அதாவது மெஷின் முழுத் திறன் காமிக்கற காத்து வேகத்துக்குக் கீழ ஓடற நேரத்துக்குத்தான் இந்தக் கணக்கு. ஆனா வருஷத்துல முக்காவாசி நேரம் காத்தாடி அங்கதானுங்க இருக்குது. சீசன்ல காத்து லேசா மெலிஞ்சாலே நாடு முழுக்க யூனிட்ல தெரியும். ஒரு வருஷத்த வெச்சு மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிரக் கூடாதுங்க.

ஆனா கிழட்டு மெஷின் பிரச்சனையும் நெசம்தான். தமிழ்நாட்டுல 1986-ல தூத்துக்குடி முள்ளக்காட்டுல 55 கிலோவாட் மெஷின்ல ஆரம்பிச்சது. தொண்ணூறுகள்ல 225, 250 கிலோவாட். அதுல எத்தனையோ இன்னும் நல்ல காத்து இடத்துல உக்காந்திருக்குது. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய் வாய்ல எல்லாம் மொதல்ல எடம் புடிச்சவங்க அவங்கதான். புது மெஷினுக்கு ரெண்டாந்தர எடம்.

ஒரு 250 கிலோவாட் மெஷின் ரோட்டார் (பிளேடு சுத்தற வட்டம்) விட்டம் 30 மீட்டர்னு வெச்சுக்குங்க. வீசற பரப்பு 707 சதுர மீட்டர். இப்ப வர்ற 3 மெகாவாட் மெஷினுக்கு ரோட்டார் 140 மீட்டர், பரப்பு 15,400 சதுர மீட்டர். ஜெனரேட்டர் 12 மடங்குதான் பெருசு, பரப்பு 22 மடங்கு. அதாவது ஒரு கிலோவாட்டுக்குப் பழசு 2.8 சதுர மீட்டர் காத்தப் புடிக்குது, புதுசு 5.1 புடிக்குது. அதனாலதான் மெல்லக் காத்துலயும் புதுசு ஓடுது.

ஒசரம் வேற இருக்குதுங்க. திறந்தவெளியில ஒசரம் எத்தன மடங்கு கூடுதோ, அதோட ஏழுல ஒண்ணு அடுக்கு அளவுக்கு வேகம் கூடும்னு ஒரு கணக்குப் போடுவாங்க. 30 மீட்டர்ல 5 மீட்டர் வேகம்னா 120 மீட்டர்ல 6.1. கனம் போட்டா பவர் 1.8 மடங்கு.

#4 மேல்மலை

அப்ப பழசைக் கழட்டிட்டுப் புதுசு நட வேண்டியதுதானே? ரீபவரிங் கொள்கை 2016-லயே மத்திய அரசு போட்டது, 2023 டிசம்பர்ல திருத்தினாங்க, 2024-ல் தமிழ்நாடும் தனியாப் போட்டது. எங்க இடிக்குது?

#5 ஆனிக்கடவு

எடத்துல இடிக்குதுங்க. பழைய காத்தாடிங்க நெருக்கமா நட்டது. புது மெஷினுக்குக் காத்து வர்ற தெசையில ஏழு ரோட்டார் விட்டம், குறுக்க அஞ்சு விட்டம் விடணும். 140-க்கு ஏழுன்னா கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ள பத்துப் பன்னெண்டு பேரோட மெஷினு, பத்துப் பன்னெண்டு பட்டா, அதுல ரெண்டு பாகப்பிரிவினைக் கேஸு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பங்கு போட்டாத்தான் ஒரு பெரிய மெஷின் நிக்கும்.

ரெண்டாவது பேங்கிங். பழைய காத்தாடிக்கு சீசன்ல கிரிட்டுல போட்டு வெச்ச யூனிட்ட வருஷக் கடைசி வரைக்கும் எடுத்துக்கற சலுகை. மில்லு வெச்சிருக்கறவருக்கு அதுதான் லாபமே. மெஷின மாத்தினா புது விதிக்குள்ள தள்ளிருவாங்களோன்னு பயம். கடன் எல்லாம் கட்டி முடிச்ச மெஷின் வருஷத்துக்கு நாலு லட்சம் யூனிட்டு குடுத்துட்டு சும்மா நிக்கறப்ப, ஏன் தொடணும்னு நெனைக்கறாங்க. நாட்டுக்கு நட்டம், ஆளுக்கு லாபம். அவங்களக் கொற சொல்ல முடியாதுங்க.

இருக்கற மெஷின்லயே புடிக்க வேண்டிய யூனிட்டும் இருக்குது. காத்துக்கு நேரா தலைய திருப்பறத யானு சொல்வோம். பத்து டிகிரி தப்பா நின்னா கொசைன் கனம், நாலரை சதவீதம் நட்டம். காத்து தெசை காட்டற வேன் லேசா வளைஞ்சிருந்தாப் போதும். அப்புறம் பிளேடோட முன் விளிம்பு. காத்து மெதுவா இருக்கற சாயந்தரங்கள்ல பூச்சி அடிச்சு அடிச்சு அங்க ஒட்டிப்போகும், கையில தடவினா உப்புத்தாள் மாதிரி இருக்கும். பிளேடு கோணத்த மாத்த முடியாத பழைய ஸ்டால் வகை மெஷின்ல அந்தச் சொரசொரப்பு இருந்தா, நல்ல காத்துல காமிக்க வேண்டிய பவர்ல கால்வாசி வரைக்கும் காணாமப் போகும். கண்ட்ரோலர்ல எந்த எர்ரரும் வராது. ஒரு நல்ல மழை பேஞ்சா தானா சரியாயிரும். மழை தள்ளிப்போச்சுன்னா சீசன் தொடங்கறதுக்கு முன்னால கழுவோணும்.

#6 பூம்பாறைப் பூண்டு

ஒரு பாமரக் கேள்வி. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது கீழ இருக்கறவங்களுக்கு. மேல்மலைல கூரைத் தகரமே பறக்குது. அப்புறம் ஏன் நீலகிரியிலயும் பழநி மலையிலயும் ஒரு காத்தாடிகூட இல்ல? மலை உச்சியில காத்து மெலிசா இருக்கும், அதனால முடியாதுன்னு ஒருத்தர் சொன்னார்.

#7 கோத்தகிரி கணக்குப்பிள்ளை

காற்று மெலிது என்பது உண்மை, காரணம் அதுவல்ல. 2,200 மீட்டர் உயரத்தில், 14 டிகிரியில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 0.94 கிலோ. சமவெளியில் 300 மீட்டரில், 30 டிகிரியில் 1.12. வித்தியாசம் 16 சதவீதம். மேலே வேகம் 6 சதவீதம் கூடுதலாக இருந்தாலே அது ஈடாகிவிடும்.

உண்மையான தடை சாலை. பிளேடு எழுபது மீட்டர், ஒரே துண்டு. மேட்டுப்பாளையம் ரோட்டில் 14 கொண்டை ஊசி, கல்லட்டியில் 36. பஸ்ஸே ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும் வளைவில் எதைக் கொண்டு போவது? பிளேடு வந்தாலும் அதைத் தூக்கும் கிரேன் வர வேண்டும். அடுத்தது கொந்தளிப்பு. மலை முகட்டில் காற்று சீராக வராது, சுருண்டு வரும். பிளேடின் மேல்பாதிக்கு ஒரு வேகம், கீழ்ப்பாதிக்கு ஒரு வேகம் என்றால் பேரிங்கும் கியர்பாக்ஸும் சீக்கிரம் போகும். இதற்கெல்லாம் மேல் சோலைக்காடு, யானை வழி, மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணைய அனுமதி. அங்கே காத்தாடி நட வேண்டிய அவசியமும் இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கும் பாலக்காட்டுக் கணவாய்தான் காற்றை நெருக்கிப் பிடித்து உடுமலை, பல்லடம் பக்கம் தள்ளுகிறது. மலை தன் வேலையை ஓரமாக நின்றே செய்கிறது.

#8 குந்தா கேம்ப்

மலை செய்யும் இன்னொரு வேலையை யாரும் சொல்லவில்லை.

மேல்மலை கேட்ட மூன்றாவது சந்தேகம், கிரிட் நிறுத்தி வைக்கிறதா என்பது. ஆம், நிறுத்தி வைக்கிறது. எப்போது என்பதுதான் விஷயம். ஆடி மாதம் மூன்றும் ஒரே நேரத்தில் வரும். கணவாயில் காத்தாடி முழு வேகம். குந்தா, பைக்காரா அணைகள் நிரம்பும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். நிரம்பிய அணையில் மெஷினை ஓட்டாவிட்டால் தண்ணீர் வழிந்து வீணாகும். அதே சமயம் ஊரில் ஏசி ஓடாது, தேவை இறங்கியிருக்கும். அனல் மின் நிலையத்தை ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது. உற்பத்தி மிஞ்சி, கிரிட்டின் பிரீக்வன்சி 50.05 ஹெர்ட்ஸைத் தாண்டினால் யாராவது குறைத்தாக வேண்டும்.

சோலாருக்கு இது வேறு வடிவில் வருகிறது. பன்னிரண்டு மணிக்குக் கொட்டுகிறது, ஆறரை மணிக்குச் சுத்தமாக இல்லை. 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அப்படிப்பட்ட நாட்களில் பகல் வெயிலில் ஏறும் தேவையைச் சோலார் தாங்கிவிடும். ராத்திரி பத்து மணிக்கு ஏசி போடுபவரை யார் தாங்குவது? ராஜஸ்தானில் சோலார் பார்க் தயாராகியும் லைன் தயாராகாமல் நிற்கும் சிக்கல் தனி. பார்க் கட்ட ஒன்றரை வருடம் போதும், 765 கிலோவோல்ட் லைன் இழுக்க அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். மாநிலங்களுக்கு இடையிலான லைன் கட்டணச் சலுகை 2025 ஜூன் 30-க்கு முன் முடிப்பவருக்கு முழுதாக உண்டு என்றதும் எல்லோரும் முண்டியடித்தார்கள், லைன் பின்தங்கியது.

இங்கேதான் நீரேற்றம் வருகிறது, அதாவது உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. கடம்பாறை 400 மெகாவாட், எண்பதுகளின் கடைசியிலிருந்து ஓடுகிறது. கட்டியபோது நினைத்தது ராத்திரி உபரியில் தண்ணீரை ஏற்றிச் சாயங்காலம் இறக்கலாம் என்று. இப்போது உபரி பகலில். இயந்திரம் அதேதான், கடிகாரம்தான் மாறியது. குந்தாவில் கட்டிவரும் 500 மெகாவாட் (நான்கு 125) போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி–எமரால்டுக்கும் இடையில் இதே வேலையைச் செய்ய வேண்டியது.

கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால் 0.27 யூனிட். சுழலி, ஜெனரேட்டர், குழாய் உராய்வு போக 0.24 கைக்கு வரும். அதே தண்ணீரை ஏற்ற 0.31 செலவாகும். ஆக நூறு யூனிட் போட்டால் எழுபத்தேழு திரும்பும். இருபத்து மூன்று நட்டமா என்று கேட்பவருக்கு ஒன்று சொல்கிறேன்: பேக்டவுன் செய்தால், அதாவது காத்தாடியைக் குறைத்து நிறுத்தினால், நூறும் நட்டம்.

#9 மேல்மலை

இது நல்ல விளக்கம். அப்ப புகளூர்–ராய்கர் லைன்? தாராபுரம் பக்கம் ஒரு கோபுர வரிசை போகுதே, அது ஆடிக் காத்தை வடக்கே கொண்டுபோகத்தானே?

#10 குந்தா கேம்ப்

இரண்டு பக்கமும் போகும். 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டம், 6,000 மெகாவாட், 1,765 கிலோமீட்டர். தெற்கில் பற்றாக்குறை என்றால் சத்தீஸ்கரிலிருந்து வரும், காற்று மிஞ்சினால் திரும்பிப் போகும். ஆனால் உடுமலைக் காத்தாடியின் யூனிட் முதலில் 33 கிலோவோல்ட், பிறகு 110, 230, 400 என்று ஏறித்தான் புகளூருக்கு வர வேண்டும். நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் நிரம்பிவிட்டால் பெரிய லைன் காலியாக இருந்தும் பயனில்லை. நெடுஞ்சாலை காலி, தெருமுனையில் டிராபிக்.

#11 ஆனிக்கடவு

அதோட பழைய இண்டக்சன் மெஷினுங்க யூனிட்டும் குடுக்கும், தன் காந்தப்புலத்துக்காக கிரிட்டுல இருந்து ரியாக்டிவ் பவரும் இழுக்கும். அத ஈடுகட்டற கெப்பாசிட்டர் பேங்க்ல ரெண்டு செல்லு போனாப் பல பேரு கவனிக்கறதில்லீங்க. ஃபீடர் கடைசியில வோல்டேஜ் எறங்கும், ஒரு மெஷின் டிரிப் ஆகும், அதோட சேந்து பத்தும் ஆகும். அதையும் கிரிட் நிறுத்திருச்சுன்னு எழுதி வெச்சிருவாங்க. மாசம் ஒருக்கா கிளாம்ப் மீட்டர் வெச்சு மூணு பேஸ்லயும் கெப்பாசிட்டர் கரண்ட் பாத்தாப் போதுமுங்க.

#12 பூம்பாறைப் பூண்டு

நாடு கெடக்கட்டும், வீட்டுக்கு வருவோம். மத்திய அரசோட கூரை சோலார் திட்டமான சூர்ய கர்ல 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம்னு எல்லாரும் போடுறாங்க. நமக்குக் காட்டேஜ், 10 கிலோவாட் மூணு பேஸ். 540 வாட் பேனல் 19, ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரே ஸ்ட்ரிங். இன்வர்ட்டர் அதிகபட்சம் 1,000 வோல்ட். பழநியில இதே செட்டு நல்லா ஓடுதாம். இங்க ஓடும்ல? பேனல் வந்து இறங்கியாச்சு.

#13 லவ்டேல் ஜங்ஷன்

நிறுத்துங்கள். மாட்டாதீர்கள்.

உங்கள் பேனல் பின்பக்க ஸ்டிக்கரில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (லோடு எதுவும் இல்லாதபோது வருவது) 49.5 இருக்கும் என்று வைக்கிறேன் (நீங்களே பாருங்கள்). அது 25 டிகிரிக்கான எண். பேனல் குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்கு 0.27 சதவீதம் அளவில். 19 பேனல் 940.5 வோல்ட். பழநியில் மார்கழி விடியலில் 18 டிகிரி என்றால் 958, தப்பிக்கும். மலையில் உறைபனி விழும் தை மாதக் காலையில் 0 டிகிரி என்றால் 25 டிகிரி வித்தியாசம், 6.75 சதவீதம், 1,004 வோல்ட். இன்வர்ட்டர் உள்ளீடு போகும். வாரண்டியும் போகும், ஏனென்றால் உள்ளே லாக் பதிவாகியிருக்கும்.

வெயில் கம்மியாக இருக்கும் நேரம்தானே, வோல்டேஜ் எங்கே வரும் என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் குறைந்தால் குறைவது கரண்ட். ஆறே முக்காலுக்கு முதல் வெயில் பட்டதும், இன்வர்ட்டர் இன்னும் லோடு எடுக்காத அந்தச் சில நிமிடத்தில்தான் உச்ச வோல்டேஜ் நிற்கும். 18 பேனல் போடுங்கள், 951. நிம்மதி.

மலைக்கு என்று வேறு சிலவும் உண்டு. சமவெளியில் பத்து டிகிரி சாய்வு போதும், இங்கே பதினைந்துக்குக் குறையக் கூடாது. சாய்வு குறைந்தால் மூடுபனித் தண்ணீர் கீழ் பிரேமில் தேங்கும். அங்கே முதலில் ஒரு பச்சைக் கோடு, பிறகு சாம்பல் நிறத்தில் பாசிப் பொட்டு. ஒரு விரல்கடை அகலம்தான் இருக்கும். பேனலை நெட்டுக்குத்தலாக வைத்திருந்தால் அந்த விரல்கடை கீழ்வரிசை செல் முழுவதையும் மறைத்து, பேனலுக்குள் டயோடு வைத்துப் பிரித்த மூன்று செல் வரிசையையும் தொடும், பாதிப் பேனல் படுத்துவிடும். குறுக்கு வாக்கில் வைத்திருந்தால் ஒரு வரிசையோடு போகும். தண்ணீரும் மெல்லிய பிரஷும் மட்டும், கம்பி நார் வேண்டவே வேண்டாம், மேல் பூச்சு போய்விடும்.

திசை: தெற்கு என்று புத்தகம் சொல்லும். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கும் வீடு என்றால் தென்கிழக்கு. காலை வெயில்தான் உங்கள் வருமானம். சில்வர் ஓக் நிழலைத் தை மாதத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள், சித்திரையில் பார்த்தால் ஏமாற்றும்.

#14 மேல்மலை

மத்தியானம் இன்வர்ட்டர் தானா நின்னு நின்னு வருதுன்னு இந்தப் பக்கம் நிறையப் பேர் கேக்கறாங்க. அதுவும் குளிராலயா?

#15 லவ்டேல் ஜங்ஷன்

இல்லை, அது லைன் நீளம். மலையில் டிரான்ஸ்பார்மர் ஓரிடம், வீடு முக்கால் கிலோமீட்டர் தள்ளி. நீங்கள் கரண்டை வெளியே தள்ளும்போது உங்கள் முனையில் வோல்டேஜ் ஏறும். 253, 255 தாண்டினால் இன்வர்ட்டர் விலகிக்கொள்ளும், கொஞ்சம் பொறுத்துத் திரும்ப வரும். டிஸ்பிளேயில் கிரிட் ஓவர் வோல்டேஜ் என்று இருக்கும். இன்வர்ட்டரிலிருந்து மீட்டர் வரை கேபிளைத் தடிமனாக்குங்கள். ஒரு பேஸ் என்றால் லோடு அதிகமுள்ள பேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டிரான்ஸ்பார்மர் டேப் (அது வெளியே தரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். மரம் விழுந்து கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும், அது பழுதல்ல. லைன் வேலை செய்பவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு. கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வர்ட்டர் வாங்க வேண்டும்.

#16 கோத்தகிரி கணக்குப்பிள்ளை

ஒரு சின்னச் சேர்க்கை. இப்படி வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோகும் யூனிட் எக்ஸ்போர்ட் மீட்டரில் ஏறாது. 2025 மார்ச்சில் கூரை சோலார் மட்டும் 17 ஜிகாவாட். தேசியக் கணக்கைப் படிக்கும்போது அதையும் மனதில் வையுங்கள்.

#17 பூம்பாறைப் பூண்டு

ஸ்டிக்கர் பார்த்தேன், 49.6 போட்டிருக்கு. அப்ப 18-தான். மிச்சம் ஒரு பேனலைத் தனியா எங்கயாவது மாட்ட முடியாதா? 540 வாட்டு சும்மா கெடக்குதே.

#18 லவ்டேல் ஜங்ஷன்

அந்த ஒரு பேனலுக்கு மட்டும் மைக்ரோ இன்வர்ட்டர் தனியாக வாங்கினால் மாட்டலாம், ஆனால் அந்த ஒன்றுக்கும் மின்வாரியத்தில் அனுமதித் திறனைத் திருத்த வேண்டும். எடுத்து வையுங்கள். மேல்மலையில் குரங்கு கல்லை உருட்டி என்றைக்காவது ஒரு கண்ணாடி உடையும், அப்போது அதே மாடல் கடையில் கிடைக்காது.

#19 ஆனிக்கடவு

காத்துக்கு பேனல் பறக்காம கிளாம்ப் நாலுக்கு பதிலா ஆறு போடுங்கண்ணா. ஆடிக்கு முன்ன ஒரு தடவ டார்க் ரெஞ்ச் வெச்சு இறுக்கிப் பாருங்க.